பயணத்திலும் தொடரும் பயிற்சி

திருப்பதியில் அதிகாலையில் அலிபிரிப் படிகளில் ஏறிப் பழகியவர்கள் பலர். ஏறத்தாழ 3,550 படிகளைக் கொண்ட அப்பாதை அவர்களுக்கு வழிபாட்டு வழியாகவும் உடற்பயிற்சிக் களமாகவும் விளங்குகிறது. அவர்களுள் ஒருவர் ஒரு மாதம் வெளிநாடு சென்றால் அவருடைய பயிற்சி என்னாகும்? படிகள் உடன் வாரா. இடத்தையோ கருவியையோ மட்டும் நம்பிய பயிற்சி ஊர் மாறியதும் நின்றுவிடும். ஆகவே, எங்குச் சென்றாலும் செய்யத்தக்க பயிற்சி ஒன்றையும் நாம் பழகியிருத்தல் வேண்டும்.

இதற்குச் சான்றாக நம் வட்டாரத்தில் பிறந்த ஒருவரையே காட்டலாம். தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தார். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. இந்தியா, இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா எனப் பல நாடுகளுக்கும் அவர் ஓயாது பயணம் செய்தார். சுவிட்சர்லாந்தின் சானன் என்னும் ஊரில் 1961 முதல் 1985 வரை கோடைதோறும் உரையாற்றினார். ஆயினும் யோகாசனத்தையும் நீண்ட நடையையும் அவர் கைவிடவில்லை. பி.கே.எஸ். ஐயங்காரிடமும், பின்னர் டி.கே.வி. தேசிகாச்சாரிடமும் ஆசனங்களைக் கற்றார். சென்னையில் அடையாற்றுக் கடற்கரை, மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷிவேலி, கலிபோர்னியாவில் ஓஹாய் எனத் தங்கிய இடமெல்லாம் அவர் நடந்த இடமாயிற்று. ஆசனத்திற்கு ஒரு விரிப்பும், நடைக்கு ஒரு பாதையும் போதுமானவையாக இருந்தன. 1986இல் தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார்.

பயணத்தின்போது உடலில் நிகழ்வனவற்றையும் அறிதல் வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. விமானத்தில் பல மணி நேரம் அசையாது அமர்ந்தால் குருதி கால்களில் தேங்கி வீக்கம் உண்டாகும். சிலருக்குக் குருதி உறையவும் கூடும். எனவே, கணுக்கால்களை அடிக்கடி மேலும் கீழும் அசைப்பதும், இயன்றபோது எழுந்து நடப்பதும் நன்று.

சென்ற ஊரில் பொழுதும் மாறியிருக்கும். கலிபோர்னியாவின் நேரம் நம் நேரத்திற்குப் பன்னிரண்டு மணிக்கும் மேலாகப் பிந்தியது. நம் உடலோ சில நாள்கள் பழைய நேரத்தையே பின்பற்றும். அந்நாள்களில் கடும் பயிற்சியைத் தவிர்த்து, பகல் வெளிச்சத்தில் மெல்ல நடக்கலாம். அவ்வெளிச்சம் புதிய நேரத்திற்கு உடலைப் பழக்கும். வெளியே குளிரோ மழையோ மிகுந்தால், தங்கியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிகளே அலிபிரிப் படிகளுக்கு ஈடாகும்.

ஐந்து முதல் பதினேழு வயதுடையோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பயணத்தில் அவ்வளவு நேரம் வாய்க்காவிடினும், கிடைத்த நேரத்தை விட்டுவிடலாகாது. பல வாரங்கள் முற்றிலும் ஓய்ந்திருந்தால் தசைவலிமையும் மூச்சுத்திறனும் குறையும். முன்பு எளிதாக ஏறிய படிகளே மூச்சுவாங்கச் செய்யும்.

மாணவர்களே, விடுமுறையில் வெளியூர் சென்று நீங்கள் பயிற்சியை விட நேர்ந்தால் வருந்த வேண்டா. ஊர் திரும்பிய முதல் நாளே முழுப் பாதையையும் ஏற முயலாதீர்கள். சில நூறு படிகளில் தொடங்கி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்லுங்கள்.