கை பழகாத படிப்பு

கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கற்றுத்தரும் டீச்சர்கள் முதலில் சொல்வது, "கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கோ" என்பதைத்தான். சில்லிட்ட கை பட்டால் வயிறு இறுகிவிடும்; உள்ளே எதுவும் பிடிபடாது. கர்ப்பப்பையின் மேல்விளிம்பு தொப்புள்வரை வந்திருந்தால் ஏறக்குறைய 24 வாரம். கெட்டியாக, உருண்டையாக விரல்களுக்கிடையே அசைவது தலை. மெத்தென்று அகன்றிருப்பது பிட்டம். நைட்டிங்கேல் பிறந்த 200-ஆவது ஆண்டு என்று உலகமே செவிலியரைக் கொண்டாடிய 2020-ல், நர்ஸிங் மாணவிகள் இதை செல்போன் திரையில் படித்தார்கள்.

ஊரடங்கு வந்ததும் ஹாஸ்டல்கள் காலியாயின. தம்பியோடு பங்குபோட்ட ஒரே போனோடு சிக்னல் தேடி மொட்டைமாடி ஏறியவர்கள் எத்தனையோ பேர். தியரி தடைபடவில்லை, பதிவான வகுப்பை மறுபடி மறுபடி பார்க்க முடிந்தது என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். தசை ஊசிக்கு 90 டிகிரி, தோலுக்கடியில் போடுவதற்கு 45 என்று எழுதி மார்க் வாங்கிவிடலாம். வயதானவரின் கையில் வழுக்கி ஓடும் நரம்பைப் பிடித்து வென்ஃப்ளான் போடுவதைக்கூட, வேலைக்குச் சேர்ந்த பிறகு சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று பழக்கிவிடுவார்.

என் கவலையெல்லாம் லேபர் வார்டு பற்றியது. ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். நஞ்சுக்கொடி வந்தபின் அவர் தாயின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோல இறுகியிருந்தால் நிம்மதி. தொளதொளவென்றிருந்தால் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போகும். அந்த நொடியே தேய்த்துவிட ஆரம்பிக்க வேண்டும். இறுக்கம் எது, தளர்ச்சி எது என்று எந்த வீடியோவும் விரலுக்குச் சொல்லித்தராது. அதைச் சொல்லித்தர வேண்டிய கிளினிக்கல் போஸ்டிங்தான் பல கல்லூரிகளில் நின்றுபோனது, சுருங்கிப்போனது.

பிரசவங்கள் ஊரடங்குக்காகக் காத்திருக்கவில்லை. லேபர் வார்டுகள் இரவு பகலாக இயங்கின. மாணவிகளைத்தான் வீட்டுக்கு அனுப்பினோம். தொடக்கத்தில் கவச உடைக்கே பஞ்சம், ஒப்புக்கொள்கிறேன். பஞ்சம் தீர்ந்த பிறகாவது, நாலைந்து பேராகப் பிரித்து வார்டுக்கு அனுப்பியிருக்கலாமே? 2021 மே மாதம் இரண்டாம் அலை முற்றியபோது இறுதியாண்டு மாணவிகளைக் கோவிட் பணிக்கு அழைக்க முடிவு செய்தார்களே! வேலை வாங்க மாணவிகள் தேவைப்பட்டார்கள். கற்றுக்கொடுக்க மட்டும் வார்டு ஆபத்தான இடமாகிவிட்டது.

அந்த பேட்ச்களில் படித்தவர்கள் இன்று நைட் டியூட்டியில் தனியாக நிற்கிறார்கள். பயிற்சியில் பார்த்த பிரசவங்களைக் குறித்துவைக்கும் அவர்களின் லாக் புக்கை எடுத்துப் பாருங்கள். நேரில் பார்க்காமல் விடுபட்ட பிரசவங்கள் இருந்தால், அனுபவமுள்ள சிஸ்டரோடு சம்பளத்துடன் லேபர் வார்டில் நிறுத்தி, அந்தக் கணக்கை முடித்துக்கொடுங்கள்.