வீட்டுப் பேச்சும் பள்ளிக்கூட இங்கிலீஷும்

ஆரணிப் பட்டைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஆரணிப் பேச்சைப் பற்றித்தான் சற்றுச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்து வீடுகளில், "வந்துகினு இருக்கான்" என்பார்கள். பிள்ளை நோட்டில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுத வேண்டும். 'கொண்டு'தான் பேச்சில் 'கினு' ஆயிற்று. ஆனால் யாரும் "கினுவந்து" என்று மாற்றிச் சொல்வதில்லை. அதற்கும் ஓர் இலக்கணம் இருக்கிறதல்லவா?

இங்கிலீஷிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பலர் வீட்டில் பேசும் இங்கிலீஷில், "ஹி ஒர்க்கிங்" என்றால் இப்போது வேலை செய்கிறான். "ஹி பி ஒர்க்கிங்" என்றால் வழக்கமாக வேலை செய்கிறவன். பள்ளிக்கூட இங்கிலீஷிலோ "ஹி ஈஸ் ஒர்க்கிங்" என்றுதான் எழுத வேண்டும். வீட்டுப் பேச்சு பிழைகளின் குவியல் அல்ல, அதற்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்று வில்லியம் லபாவ் என்ற மொழியியல் அறிஞர் 1960களிலேயே ஆராய்ந்து காட்டினார்.

விதி தெரியாமல் திருத்தினால் குழந்தைக்குத்தான் நஷ்டம். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், தங்கள் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போவதைப் பொறுக்காத கறுப்பினத் தாய்மார்கள் 1977-ல் வழக்குத் தொடுத்தார்கள். வீட்டுப் பேச்சை ஆசிரியர்கள் அறிந்துகொண்டு, அதைக் கணக்கில் வைத்தே பொது இங்கிலீஷைப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்று 1979-ல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார்.

பரீட்சைக்குப் பொது இங்கிலீஷ் அவசியந்தான். அதைச் சொல்லிக் கொடுக்கும்போது, "நீ பேசுவது தப்பு" என்று குட்டாமல், "இது வீட்டுக்கு, அது பரீட்சைக்கு" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். குழந்தை பயமில்லாமல் வாய் திறக்கும்.