சொல்தா வீட்டுப் பேரனும் மஞ்சள் அட்டையும்

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் வீடு என்று அர்த்தம். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தாலும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். விசா வேண்டும்; இல்லையென்றால் ஆயுள் முழுக்கச் செல்லும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை. விசாவில் வருபவர் விடுதியில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அதிகாரிகளுக்குத் தகவல் தந்தாக வேண்டும்.

பேரனும் சிப்பாயாகி, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து நேரே ஊருக்கு வருகிறார் என்றால் இன்னொரு தாளும் கேட்பார்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக்கொள்ளும் மஞ்சள் அட்டை அது. ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். சான்று இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதுதான். கிருமி மட்டும்தான் இங்கே இல்லை.

ஒரு சலுகை உண்டு. 2016 ஜூலையிலிருந்து ஒரே ஊசி ஆயுளுக்கும் போதும். பழைய அட்டையில் பத்தாண்டு என்று போட்டிருந்தாலும் செல்லும்.