குளிர்கடலில் ஒரு காமிரா

வீட்டில் நீல நிறக் கண்ணாடித்தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு மூன்றாக மடித்துக் கண்முன் பிடித்துக்கொண்டு, ஒரு செம்பருத்திப் பூவைப் பாருங்கள். பூ ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். பூவின் நிறம் மாறிவிடவில்லை. அதிலிருந்து வரும் சிவப்பு ஒளியைத் தாள் உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான்.

கடல்நீரும் இப்படிப்பட்ட ஒரு தாள் போன்றதே. கதிரவன் ஒளியில் உள்ள நிறங்களில் சிவப்பைத்தான் நீர் முதலில் உறிஞ்சுகிறது. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அதன் பிறகு ஆரஞ்சு, அதற்கும் கீழே மஞ்சள் என்று ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே போகும். 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவரின் விரலில் கீறல் பட்டால், கசியும் இரத்தம் கரும்பச்சையாகத் தெரியும்! அங்கே நீந்திப் போகும் ஒரு செந்நிற மீனை, சாம்பல் நிற மீன் என்றுதான் அவர் எண்ணுவார்.

அப்படியானால், கடலடி உயிரினங்களைப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டியவர் என்ன செய்வது? கையில் விளக்கும் காமிராவும் கொண்டுபோக வேண்டும். அப்படி எடுத்த படங்களைக் கொண்டு எதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை, கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்ப் பார்ப்போம்.

நம் மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரை அங்கே எதிர்பார்க்காதீர்கள். கடலுக்குள் வெப்பநிலை பெரும்பாலும் 7 முதல் 12 டிகிரி செல்சியஸ்தான். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் நம் உடல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். ஆகவே, அங்கே முக்குளிப்போர் நீர் புகாத முழு உடை அணிகிறார்கள். உள்ளே தடித்த கம்பளி உடை. இரண்டுக்கும் இடையே தங்கும் காற்று குளிரைத் தடுக்கிறது. முதுகில் அழுத்தக் காற்று அடைத்த உருளை; அதிலிருந்து மூச்சுக்கு வேண்டிய காற்றைத் தேவைக்கேற்ப விடுகிற கருவி. பிரான்ஸ் நாட்டின் கூஸ்டோவும் காஞ்ஞானும் 1943-ஆம் ஆண்டு உருவாக்கிய அமைப்பின் வழி வந்ததே இது. கைகளிலோ மொத்தமான உறைகள். அந்த உறைகளோடு காமிராவின் சின்னஞ்சிறு பொத்தானை அழுத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!

இவ்வளவு பாடுபட்டு ஏன் அங்கே இறங்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். குறுகிய கால்வாய்களின் வழியே பாயும் ஓதநீர், ஆழத்திலுள்ள சத்துப் பொருள்களைக் கலக்கி மேலே கொண்டுவருகிறது. அதனால் மிதவை உயிரிகள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. அவற்றை வடிகட்டி உண்ணும் கடற்பஞ்சுகள், கடல் சாமந்திகள், கொட்டலசுகள் எல்லாம் பாறையில் விரல் வைக்க இடமில்லாமல் மொய்த்திருக்கும். ஆனால், இந்தச் செழிப்பே படமெடுப்பவருக்கு எதிரியும் ஆகிறது. வேனிற்காலத்தில் மிதவை உயிரிகளால் நீர் பச்சைச் சாந்துபோல் கலங்கிவிடும். நான்கைந்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. குளிர்காலத்தில்தான் நீர் தெளியும். ஆகவே, கரையில் பனி கொட்டும் நாள்களே படமெடுக்க ஏற்ற நாள்கள்!

இருட்டாக இருக்கிறதே என்று காமிராவின் மேலேயே பிளாஷ் விளக்கைப் பொருத்தினால் என்ன ஆகும்? மூடுபனியில் வரும் லாரியின் முகப்பு விளக்கை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுநரின் கண்ணையே கூசவைக்கும். அதே போல, நீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்துவிடும். எனவே விளக்கை நீண்ட கைகளில் பொருத்தி, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சுகிறார்கள். உயிரினத்துக்கு ஒரு முழம் தூரத்துக்குள் நெருங்கிவிட்டால் இன்னும் நல்லது. இடையில் உள்ள நீர் குறையும், துகளும் குறையும், சிவப்பு நிறமும் தப்பிப் பிழைக்கும். விளக்கு பளிச்சிடும் அந்தக் கணத்தில், சற்று முன்பு வரை சாம்பல் நிறமாய்க் கிடந்த பாறை, இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாய் ஒளிர்வதைக் காணலாம்.

படம் எடுத்தாயிற்று. இனிப் பெயர் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. மீன் ஒன்று நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும் படம் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். பெயர் சொல்ல உதவாது. பிரிட்டிஷ் கொலம்பியாக் கடலில் ராக்பிஷ் எனப்படும் பாறை மீன்களில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் காப்பர் ராக்பிஷ் என்பதன் உடலில், பக்கவாட்டுக் கோட்டின் பின்பகுதி நெடுக ஒரு வெளிர் பட்டை ஓடும். அதைப் போன்றே தோன்றும் குவில்பேக் ராக்பிஷுக்கு அந்தப் பட்டை கிடையாது. பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் இந்த வேறுபாடு படத்தில் விழும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. அந்தக் கரையில், ஒரு விரல் நீளமே உள்ள ஓடில்லாக் கடல் நத்தை ஒன்று வாழ்கிறது. முதுகு நிறைய விரல் போன்ற நீட்சிகள், தலையில் ஆரஞ்சுக் கோடு என்று மிக அழகான பிராணி. இதை ஹெர்மிசெண்டா கிராசிகார்னிஸ் என்ற ஒரே இனமாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2016-ஆம் ஆண்டு மரபணுக்களை ஆராய்ந்தபோது, அது ஓர் இனமல்ல, மூன்று இனங்கள் என்று தெரியவந்தது. மூன்றில் ஒன்று ஆசியாவின் பக்கம் வாழ்வது. மற்ற இரண்டும் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் வாழ்பவை. கிராசிகார்னிஸின் முதுகு நீட்சிகளில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு உண்டு. ஓபலெசென்ஸ் எனப்படும் மற்றதில் அது இல்லை. பிறகு என்ன? பழைய படங்களை எல்லாம் எடுத்து மீண்டும் பார்க்க வேண்டியதாயிற்று! நீட்சிகள் தெளிவாக விழுந்திருந்த படங்களுக்குப் புதுப் பெயர் சொல்ல முடிந்தது. மங்கலான படங்களால் ஒரு பயனும் இல்லை. எந்த அடையாளம் நாளைக்குத் தேவைப்படும் என்று இன்றைக்குத் தெரியாது. ஆகவே ஒரே பிராணியை மேலிருந்து, பக்கத்திலிருந்து, மிக அருகிலிருந்து என்று பல படங்கள் எடுப்பதே புத்திசாலித்தனம்.

படத்துடன் தேதி, இடம், ஆழம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். அளவு தெரிய ஓர் அளவுகோலும் வேண்டும். முகமூடியின் தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது, ஒளி விலகலால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். முக்குளித்து வந்தவர்கள் சொல்லும் மீன் நீளத்தை அப்படியே நம்பாதீர்கள்! பிராணியைத் தொட்டு இழுத்து வசதியாக வைத்துப் படமெடுப்பது கூடாது. அதைவிட முக்கியம், காமிராவில் கண்ணை வைத்தவர் காற்று அளவு காட்டும் மானியை மறந்துவிடக் கூடாது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் 3 மடங்கு. உருளைக் காற்றும் 3 மடங்கு வேகமாகத் தீரும்.

இனி, இந்தப் படங்களால் ஒரு பெரிய துயரம் எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்பதைப் பாருங்கள்.

அந்தக் கடலில் சூரியகாந்தி நட்சத்திர மீன் என்ற ஒன்று உண்டு. 16 முதல் 24 கைகள். குறுக்களவு 1 மீட்டர் வரை வளரும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஓடிக் கடல் முள்ளெலிகளைப் பிடித்து விழுங்கும். எங்கும் நிறைந்து கிடந்ததால், அதைப் படமெடுக்கக்கூட யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு நட்சத்திர மீன்கள் நோய்வாய்ப்படத் தொடங்கின. கைகள் முறுக்கிக்கொள்ளும், உடலில் புண் தோன்றும், கைகள் கழன்று தனியே நகர்ந்து போகும், சில நாள்களில் பாறையில் வெள்ளைக் கூழ்தான் மிஞ்சும். வான்கூவர் நகருக்கு அருகிலுள்ள ஹௌ சவுண்டில் முக்குளித்தவர்கள் இதைக் கண்டு படமெடுத்து வெளியிட்டார்கள். 20-க்கும் மேற்பட்ட நட்சத்திர மீன் இனங்களை நோய் தாக்கியது. மிகவும் மாண்டது சூரியகாந்திதான்.

எவ்வளவு மாண்டது என்று எப்படிக் கணக்கிட்டார்கள்? பொழுதுபோக்காக முக்குளிப்போர் கண்ட உயிரினங்களைப் பதிவு செய்யும் ரீஃப் என்ற அமைப்பு அமெரிக்காவில் 1990-இல் தொடங்கியது. ஒவ்வோர் இனத்துக்கும் நேராக, ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, 100-க்கு மேல் என்ற நான்கில் ஒன்றைக் குறித்தால் போதும். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குறிப்புகளையும், ஆழ்கடல் இழுவலைக் கணக்குகளையும் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2019-இல் வெளிவந்தது. சுமார் 3,000 கிலோமீட்டர் கரை நெடுக, சூரியகாந்தி 80 முதல் 100 விழுக்காடு வரை குறைந்திருந்தது. ஏறத்தாழ 575 கோடி மாண்டிருக்கும் என்பது மதிப்பீடு. 2020-ஆம் ஆண்டு இறுதியில் அது மிகவும் அழிவுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். 'இங்கே இது இல்லை' என்று எழுதும் உரிமை, இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளத் தெரிந்தவருக்கு மட்டுமே உண்டு.

உண்பவன் போனதும் முள்ளெலிகள் பெருகின. அவை கெல்ப் என்னும் பெருங்கடற்பாசிக் காடுகளை மேயத் தொடங்கின. அதே சமயத்தில் கடலும் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டது. வடக்குக் கலிபோர்னியாவில் கெல்ப் காடுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது.

நோய்க்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025-இல்தான் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் குளிர்ந்த கடற்கழிகள் சிலவற்றில் சூரியகாந்திகள் தப்பிப் பிழைத்திருப்பதைக் காட்டியது. ஆகவே, அங்கே இப்போது குஞ்சுகளைத் தேடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: குஞ்சு பிறக்கும்போது அதற்கு ஐந்தோ ஆறோ கைகள்தான், மற்றவை பிறகு இரண்டிரண்டாக முளைக்கும். 10 கைகள் உள்ள குஞ்சைப் பார்த்தால், அதே கடலில் வாழும் 10 கை நட்சத்திர மீன் வேறொன்று என்று நினைத்துவிடலாம். ஆனால், புதிதாக முளைத்த கைகள் பழையவற்றைவிடக் குட்டையாக இருக்கும். ஒரு நாணயம் அளவே உள்ள அந்தப் பிராணியை மேலிருந்து நேராகப் படமெடுத்து, கைகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சம நீளமாக இருந்தால் அது வேறொன்று. சில குட்டையாக இருந்தால், படமெடுத்தவர் கண்டது ஒரு சூரியகாந்திக் குஞ்சு!