காப்பீடு கைகொடுப்பது படுத்த பிறகுதான்

எழுபது வயது நிரம்பியிருந்தால் போதும், ஏழையா வசதியுள்ளவரா என்று கேட்பதில்லை. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள்தான். ஆனால் இரண்டுமே முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்த பிறகு கைகொடுப்பவை. தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கோ, மூக்குக்கண்ணாடிக்கோ, காது கேட்கும் கருவிக்கோ அவற்றில் வழியில்லை. ஒரு முதியவர் வீட்டோடு முடங்கிப் போவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் தொடங்குகிறது.

கீழே விழுவதையே எடுத்துக்கொள்வோம். இரவு சிறுநீர் கழிக்க அவசரமாக எழுகிறார். ரத்த அழுத்த மாத்திரையால் எழுந்ததும் தலை சுற்றுகிறது. கண்புரையால் நிலைப்படி தெரியவில்லை, குளியலறைத் தரையோ ஈரம். தடுமாறினாலும் சமாளித்து நிற்கக் காலில் பலம் இருந்தால் விழமாட்டார். அது இல்லாதபோது இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு பணம் கொடுத்துவிடும். பழைய நடையை அது திருப்பித் தராது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் முன்புபோல் துணையில்லாமல் நடப்பதே இல்லை.

எனவே முதுமைக்கான முதல் சேமிப்பு காலில் இருக்க வேண்டும். நடுவயதிலேயே கரையத் தொடங்கும் தசை, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறைகிறது. உங்கள் வீட்டுப் பெரியவரின் கால் பலத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். எழுபதிலிருந்து எழுபத்து நான்கு வயது வரையுள்ள ஆணுக்கு 12 முறைக்கும், பெண்ணுக்கு 10 முறைக்கும் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்.

குறைந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால் பலம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடியது. 1990இல் வெளியான ஆய்வு இது. ‘இந்த வயசுல எதுக்கு உடற்பயிற்சி’ என்று நம் வீடுகளில் சொல்வது அன்பினால்தான், ஆனாலும் அது தவறு. வாரம் 150 நிமிட நடையோடு, தசையை வலுப்படுத்தும் பயிற்சி இரண்டு நாளாவதும், நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாளாவதும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலையில் மட்டும் நடந்துவிட்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சி தசையாக வேண்டுமென்றால் புரதம் வேண்டும். நம் பெரியவர்கள் இரவில் இரண்டு இட்லியோடு, அல்லது கொஞ்சம் ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு இட்லியில் நான்கைந்து கிராம் புரதம் தேறினால் அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பது முதியோர் நல மருத்துவர்கள் பலரின் கணக்கு. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 55 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. பல் இல்லாதவர்களுக்குக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, தயிர், மசித்த சுண்டல் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு என்ன வழி? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவற்றை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் வருவார் என்பது பலருக்குத் தெரியாது. பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதைப் பெற்ற திட்டம் இது. நடுத்தரக் குடும்பங்கள் இதை நமக்கில்லை என்று ஒதுக்குவது வருத்தமாக இருக்கிறது.

தனியார் பாலிசி எடுப்பவர்களுக்கும் விதிகள் மாறியிருக்கின்றன. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும் நிறுவனங்கள் பாலிசி வழங்க 2024 ஏப்ரல் முதல் வழி திறந்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஒழுங்குமுறை ஆணையத்தை முதலில் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, இணைப்பங்கு எனப்படும் கோ-பே. அது 20 சதவீதம் என்றால், 3 லட்சம் ரூபாய் பில்லில் 60,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். இன்னொன்று அறை வாடகை வரம்பு. 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியில் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம் போன்றவற்றையும் பாதியாக வெட்டிவிடலாம். வயிறெரிந்து நிற்கும் குடும்பங்களில் பல, இந்த வரியைப் படிக்காதவை. சர்க்கரை இருப்பதை மறைத்து விண்ணப்பிப்பதும் வேண்டாம். கடைசியில் அதைக் காட்டியே பணம் மறுப்பார்கள்.

பல பாலிசிகளில் ஆண்டுக்கு ஒரு இலவச உடல் பரிசோதனை உண்டு. கட்டிய பணத்தில் அடங்கிய அந்தச் சலுகையைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். அந்தச் சாக்கில் கண்ணையும் காதையும் பார்த்து, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தலைசுற்றலுக்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கக்கூடும். குளியலறையில் கைப்பிடி பொருத்தச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஆயுஷ்மான் அட்டை பற்றிய விவரங்களுக்கு 14555, முதியோருக்கான பொது உதவிக்கு 14567. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.