சிறுவர் கைச் சீட்டுக்கட்டு

சென்ற கோடை விடுமுறையில் நம் தங்கையின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், நம் இல்லத்திற்கு வந்திருந்தான். அவனுடைய பிறந்த நாளும் அந்நாட்களில் வந்தமையால், அவன் பெரிதும் விரும்பிய போக்கிமான் சீட்டுகளை வாங்கித் தருவதாக வாக்களித்தோம். கடைக்குச் சென்று பளபளக்கும் பொட்டலங்கள் பத்தினைத் தேர்ந்து வந்தோம். பொட்டலம் ஒன்றில் 10 சீட்டுகளும் அவற்றோடு ஓர் ஆற்றல் சீட்டும் இருந்தன. ஆக, நூற்றுக்கும் மேல். ஆட்டத்திற்கு ஒருவருக்கு 60 சீட்டுகள் போதுமெனக் கேள்வியுற்றிருந்தபடியால், வேண்டியதற்கு மேலேயே வாங்கிவிட்டோம் என்று பெருமிதமும் கொண்டோம். சிறுவன் அவற்றைக் கூடத்துத் தரையெங்கும் பரப்பினான். அவன் முகத்தில் மலர்ந்த மகிழ்ச்சியைக் காணக் கண்கோடி வேண்டும். கால்மணி நேரம் கழிந்தது. “மாமா, இதை வச்சு எப்படி விளையாடறது?” என்று கேட்டான். விடை கூற நமக்கு வாயில்லை.

பிழை நம்முடையதே. சிறுவனும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. அதன் பின்னரே இவ்விளையாட்டைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டோம். பிறந்த நாளுக்கோ பண்டிகைக்கோ இத்தகைய பரிசொன்றை வாங்க எண்ணியிருக்கும் பெற்றோர்க்கு இது பயன்படக்கூடும்.

சீட்டு என்றதும் முகஞ்சுளிப்போர் நம் குடும்பங்களில் உண்டு, காரணமில்லாமலும் இல்லை. ஆனால் இது பணம் வைத்தாடும் ஆட்டமன்று. இருவர் எதிரெதிரே அமர்ந்து, தத்தம் கட்டிலிருந்து சீட்டுகளை எடுத்து, கணக்கிட்டு, முன்னோக்கி எண்ணி ஆடுவது. இவ்வகையின் முன்னோடியான ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற ஆட்டத்தை வகுத்தவர் ரிச்சர்ட் கார்பீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். அது 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. போக்கிமான் சீட்டுகள் ஜப்பானில் 1996-ல் தோன்றி, 1999-ல் ஆங்கிலத்தில் வந்தன. யூகியோ சீட்டுகளும் 1999-ல் ஜப்பானில் பிறந்தவையே.

சூதின் சாயல் ஆட்டத்தில் இல்லை, பொட்டலத்தில் உண்டு. உள்ளே என்ன சீட்டு இருக்கிறதென்று கிழிக்கும்வரை எவருக்கும் தெரியாது. அரிய சீட்டொன்று அகப்படலாம், அகப்படாமலும் போகலாம். அந்த ஆவலே அடுத்த பொட்டலத்தை வாங்கச் செய்கிறது. 1999-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பல பள்ளிகள் போக்கிமான் சீட்டுகளுக்குத் தடை விதித்தன. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். மறுவிற்பனை ஆசையால் விஸ்கான்சின் மாநிலத்தில் கடையொன்றின் வாசலில் சண்டை மூண்டபின், 2021 மே மாதத்தில் டார்கெட் நிறுவனம் தன் அமெரிக்கக் கடைகளில் இச்சீட்டுகளின் விற்பனையைச் சில காலம் நிறுத்திவைத்தது. ஆகவே பொட்டலமே வேண்டாமென்கிறோமா? இல்லை. முதலில் வேண்டாமென்கிறோம்.

நாம் வாங்கிய சீட்டுகள் ஏன் ஆட்டத்திற்கு உதவவில்லை என்பதைச் சற்று விளக்குவோம். போக்கிமான் உயிர்களுள் அடிப்படை நிலையில் உள்ளவற்றை மட்டுமே நேராகக் களத்தில் இறக்கலாம். மற்றவை அவற்றின்மீது படிப்படியாக வளர்பவை. சார்மாண்டர் வளர்ந்து சார்மீலியன் ஆகும். சார்மீலியன் வளர்ந்து சாரிசார்டு ஆகும். நம் பொட்டலங்களில் சாரிசார்டு வந்தது. மற்ற இரண்டும் வரவில்லை. அடித்தளமும் சுவரும் இல்லாத வீட்டிற்குக் கூரை மட்டும் வாங்கிவந்த கதைதான். பொட்டலத்திற்கு ஒன்றாக வந்த ஆற்றல் சீட்டுகளோ தீ, நீர், புல், மின்னல் என்று ஆளுக்கொரு திக்கில் நின்றன.

கட்டின் அமைப்பில் ஒரு கணக்கும் அடங்கியுள்ளது. ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் 7 சீட்டுகளை எடுப்பர். அவற்றுள் அடிப்படைப் போக்கிமான் ஒன்றேனும் இல்லையெனில், கையைக் காட்டிவிட்டு மீண்டும் கலைத்து எடுக்கவேண்டும். எதிரியோ அதற்கு ஈடாகச் சீட்டொன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். 60 சீட்டுகளில் அடிப்படைப் போக்கிமான் 4 மட்டுமே இருப்பின், கையில் ஒன்றும் வாராதிருக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு உண்டு. 10 இருப்பின் அது 26 ஆகக் குறையும். 15 இருப்பின் 12. மேஜிக் ஆட்டத்திலும் இதே நிலைதான்: 60 சீட்டுக் கட்டில் ஏறத்தாழ 24 ‘நிலச்’ சீட்டுகள் இல்லையேல் மற்றவற்றை இறக்க வழியின்றிக் கைகட்டி அமர்ந்திருக்க நேரும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் தொடக்கக் கட்டுகளில் இக்கணக்கை வல்லுநர் முன்னரே பார்த்து வைத்திருக்கின்றனர். நாம் பணம் கொடுப்பது அதற்குத்தான்.

இன்னொன்று. ஒரு கட்டு மட்டும் வாங்கினால் சிறுவன் யாரோடு ஆடுவான்? ஒத்த வலிமையுள்ள இரண்டு கட்டுகளே உண்மையான தொடக்கம். இவ்வகையில் ‘பேட்டில் அகாடமி’ என்னும் போக்கிமான் பெட்டி நமக்கு மிகவும் பிடித்திருந்தது. 2020-ல் முதன்முதல் வந்து, 2022-லும் 2024-லும் புதுப்பிக்கப்பட்டது. அதில் 60 சீட்டுகள் கொண்ட கட்டுகள் மூன்று, ஆடுகளப் பலகை, சேதக் குறிகள், சுண்டுவதற்கு நாணயம், முதலாட்டத்தை அடியடியாகக் கற்பிக்கும் ஏடு ஆகியன உண்டு. அண்ணனும் தங்கையும் ஆடலாம். மூன்றாம் கட்டு தந்தைக்கு! மேஜிக் ஆட்டத்தை விரும்பும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2024-ல் வெளிவந்த ‘பவுண்டேஷன்ஸ்’ வரிசையின் தொடக்கப் பெட்டி ஏற்றது. 20 சீட்டுகள் கொண்ட சிறு கட்டுகள் அதில் பத்து. எந்த இரண்டைச் சேர்த்துக் கலைத்தாலும் 40 சீட்டுள்ள ஆட்டக்கட்டு ஆகிவிடும். யூகியோவில் ஒரே பெயருள்ள சீட்டு மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரே ஆயத்தக் கட்டை மூன்று படி வாங்கி அவற்றினின்று ஒன்றை வலுவாகத் தொகுப்பது பழகியோர் வழக்கம். முதல் நாளில் அதற்கு அவசியமில்லை.

போட்டிகளுக்குச் செல்ல விரும்பும் பிள்ளை இருப்பின், போக்கிமான் சீட்டின் கீழ் இடப்பக்க மூலையிலுள்ள சிற்றெழுத்துக் குறியையும் கவனிக்க வேண்டும். பழைய எழுத்துகளைத் தாங்கிய சீட்டுகள் முறையான போட்டிகளினின்று காலப்போக்கில் விலக்கப்படுகின்றன. வீட்டுத் திண்ணையில் எந்தச் சீட்டுக்கும் தடையில்லை.

இனி துணைப்பொருள்கள். கடையில் இவை கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் இன்றியமையாதது ஒன்றே. அதுதான் சீட்டுக்கு இடும் உறை. வியர்த்த கையில் நாளும் கலைக்கப்படும் சீட்டின் விளிம்பு சில வாரங்களில் வெளுத்துப்போகும். அவ்வாறு ஒரு சீட்டு மட்டும் தேய்ந்தால் பின்புறம் பார்த்தே அது இன்னதென்று கண்டுகொள்ளலாம். ஆட்டமும் நேர்மை இழக்கும். ஆகையால் கட்டு முழுவதற்கும் ஒரே நிற, ஒரே வகை உறை வேண்டும். 60 சீட்டுக் கட்டுக்கு 65 உறையுள்ள பொதி வசதியானது. கிழிந்ததை மாற்ற ஐந்து மிஞ்சும். அளவிலும் கருத்து வேண்டும். போக்கிமான், மேஜிக் சீட்டுகள் 63-க்கு 88 மில்லிமீட்டர்; யூகியோ 59-க்கு 86 மட்டுமே. பெரிய உறைக்குள் சிறிய சீட்டு ஆடிக்கொண்டிருக்கும். மேற்பரப்பு மங்கலான உறைகள் கலைக்க எளிது. வழவழப்பானவை புழுக்கக் காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கட்டை வைக்க மூடியுள்ள பெட்டியொன்று போதும். தயவுசெய்து ரப்பர் வளையம் போடாதீர்கள். விளிம்பில் தடம் பதியும். வெயிலில் உருகி ஒட்டியும் விடும். சேர்த்துவைக்கும் சீட்டுகளுக்குப் பக்கவாட்டில் திறக்கும் பைகள் கொண்ட ஏடு நல்லது. வளையமிட்ட ஏடுகளில் வளையத்தை ஒட்டியுள்ள சீட்டுகள் அழுந்தி வடுப்படுவதுண்டு. பி.வி.சி. பிளாஸ்டிக்காலான பழைய பைகள் நாளடைவில் சீட்டைக் கெடுக்கும். பாலிபுரோப்பிலீன் எனக் குறிக்கப்பட்டதைக் கேட்டு வாங்குக. அழகிய ரப்பர் விரிப்புகள் விற்கின்றன. அம்மாவின் துவைத்த மேசைவிரிப்பு அவ்வேலையைச் செவ்வனே செய்யும். சேதத்தைக் குறிக்கத் தாயக்கட்டம் ஆடும் வீட்டில் கிடக்கும் சோழிகளும் ஆகும்.

போலிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பொட்டலம் முழுவதும் பொன்னிறப் பிளாஸ்டிக் சீட்டுகளாகவே இருந்தால் அவை போலியென ஐயமறக் கொள்ளலாம். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, பின்புற நீலத்தின் மாறுபாடு ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலப் போக்கிமான் சீட்டின் விளிம்பை உற்றுநோக்கினால் தாள்களுக்கிடையே மெல்லிய கருங்கோடு தென்படும். மலிவான போலிகளில் பெரும்பாலும் அது இராது.

விடுமுறை முடியுமுன் அந்த மூன்று கட்டுப் பெட்டியை வாங்கிவந்தோம். எதிர்வீட்டுச் சிறுமி ஒரே மாலையில் விதிகளைக் கற்றுக்கொண்டு நம் மருமகனை இருமுறையும் நம்மை நான்கு முறையும் தோற்கடித்தாள். பத்துப் பொட்டலச் சீட்டுகள் ஏட்டில் இடம்பெற்றன. அவற்றிலிருந்து அவளும் அவனும் மாற்றிக்கொள்ளத் தொடங்கினர். முதற்பக்கத்தில் உறையிட்ட சாரிசார்டு அமர்ந்திருக்கிறது. சார்மாண்டர் அவளிடமிருந்து வந்துவிட்டது. சார்மீலியன் இன்னும் வரவில்லை.