மருமக்கள் வழியும் மரபணு வழியும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முற்காலத்தில் தாய்மாமன் சொத்து மருமகனைச் சேர்ந்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை மாற்றி அமைத்தது. உடலின் உரிமையோ எச்சட்டத்திற்கும் அடங்குவதன்று. தந்தை வழியில் பாதியும் தாய் வழியில் பாதியுமாக மரபணுக்கள் நம்மை அடைகின்றன.

சிறுநீர்ப்பையின் கீழே ஆண்களுக்கு மட்டும் அமைந்த புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய்க்கு இவ்வுரிமை பெரிதும் தொடர்புடையது. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ அந்நோய் இருந்தால், நமக்கு அபாயம் ஏறத்தாழ இருமடங்காகும். தாய் வழிப் பெண்டிருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்பதையும் அறிதல் வேண்டும். பி.ஆர்.சி.ஏ.-2 என்னும் மரபணுவின் பழுது பெண்களுக்கு அந்நோயும் ஆண்களுக்கு இந்நோயும் வரும் வாய்ப்பைக் கூட்டும்.

மற்றொன்று அழற்சி. கிருமியாலோ பிறவற்றாலோ சுரப்பி நெடுநாள் புண்பட்டு ஆறும்போது, புதிதாகத் தோன்றும் உயிரணுக்களில் பழுது நேரலாம் என்பது அறிஞர் கருத்து. கிருமிகளை எதிர்க்க உதவும் ஆர்.என்.ஏஸ்-எல் மரபணுவின் பழுது சில குடும்பங்களில் இந்நோயுடன் தொடர்புடையது என 2002-இல் அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

எளிதில் நோய்ப்படும் விதையும் நல்ல வடிகாலுள்ள வயலில் தப்புவதுண்டு. மரபு விதியன்று, எச்சரிக்கையே ஆகும்.

சிறுநீர்த் தடை பெரும்பாலும் வயதினால் வரும் சாதாரண வீக்கமே. எனினும் வெட்கத்தால் மறைத்தல் தகாது. புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் குறி காட்டாது. ஆகவே 50 வயதானோரும், குடும்பத்தில் நோய் கண்டிருப்பின் 45 வயதிலேயே, குருதிச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வோர், தந்தையின் நோயையும் தாய்மாமன் நோயையும் மறவாது கூறுக. இதனை ஊர்தோறும் எடுத்துரைப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.